சிரட்டைக்குள் விழுந்த எண்

பாளையங்கோட்டையில் சைக்கிள் கடை மாடியில் சூதாட்டம் நடக்கிறது என்று கண்டுபிடித்தவர் இசக்கிமுத்து அண்ணாச்சிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வழியாகப் போனார். மேலே பகடை உருளுகிற சத்தம். "செத்தான்!" என்று ஒரு பொம்பளைக் குரல். உடனே கைதட்டல். அண்ணாச்சிக்கு இது போதாதா? விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டார்.

ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று படிக்கட்டில் நின்றே சொல்லிவிடுவார். அது வேலை, சரி. வீட்டிலும் அப்படியே இருந்தால் எப்படி? சம்சாரம் வடிவம்மா ரசம் வைத்தால், "உப்பு போட்டியா?" என்பார். "போட்டேன்" என்பாள் அந்தப் புண்ணியவதி. அதற்கப்புறமும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். வடிவம்மா போய்ச் சேர்ந்த பிறகு சந்தேகப்படக்கூட வீட்டில் ஆளில்லை. அந்தக் கொடுமை தாங்காமல்தான் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்.

மாடியில் சூதும் இல்லை, காசும் இல்லை. ஒரு மேசை. அதைச் சுற்றி நாலு பேர். நடுவில் கையால் வரைந்த ஒரு மலையின் படம்.

"யாரு செத்தது?" என்றார் அண்ணாச்சி, வாசலை மறித்துக்கொண்டு.

"முதலை ராஜா," என்றாள் மேசையின் தலைப்பக்கம் இருந்தவள். "உட்காருங்க அண்ணாச்சி. டீ குடிக்கீங்களா?"

அவள் பெயர் ஜெபராணி. அண்ணாச்சிக்கு மகள் வயது. வாரநாளில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டு. 'மூழ்காத மலை' என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டரும் வேண்டாம், போனும் வேண்டாம். ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படைவீரன், ஒருவர் மந்திரக்காரி, இப்படி. நடத்துகிறவர் கதை சொல்வார். "எதிரே பேய்க்காடு. என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார். ஆடுகிறவர் சொல்வார். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் பிழைப்பு. சின்ன எண் விழுந்தால் வம்பு.

கதையும் விதியும் ஜெபராணி உண்டாக்கியவை. பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. நடத்துகிறவரை 'ஆசான்' என்று கூப்பிடுவது அந்த மேசையின் வழக்கம். வயது மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

படம் போடுவது தாவீது. மேசை ஓரத்தில் மசிப் பேனாவோடு உட்கார்ந்திருப்பான். பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. ஆடுகிறவர் எண்ணைச் சொன்ன மறுநிமிஷம் அவன் பேனா காகிதத்தில் இறங்கிவிடும். முதலை ராஜா செத்தது, பேய்க்காடு எரிந்தது எல்லாம் அப்படி மேசையில் நடந்து, அவன் கையில் படமானவை.

அண்ணாச்சி உளவு பார்க்கத்தான் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுத்த வாரமும் போனார்.

"உங்களுக்கு என்ன வேஷம் வேணும்?" என்று ஆசான் கேட்டாள்.

"தோணிக்காரி," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"பேரு?"

"வடிவு."

பக்கத்தில் இருந்த பக்ருதீன் மட்டும் தலையைத் தூக்கி ஒரு தடவை அவரைப் பார்த்தார். பக்ருதீனுக்கு அண்ணாச்சியின் தெருமுனையில்தான் தையல் கடை. விளையாட்டில் அவர் மருதன் என்ற ஒற்றைக்கண் படைவீரன். அந்த விளையாட்டு தொடங்கின நாளிலிருந்து சாகாத ஒரே ஆள் மருதன்தான். விளையாட்டை ஒருநாள் புத்தகமாகப் போட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அதன் அட்டைக்கு அவன் முகத்தைத்தான் தாவீது வரைந்து வைத்திருந்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே ஒரு விஷயம் அண்ணாச்சிக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அது அந்தச் சிரட்டை.

அந்த மேசையில் பகடையை வெறுமனே உருட்டுவது இல்லை. தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டுக் குலுக்கி, மேசையில் கவிழ்க்க வேண்டும். உருட்டியவர் மட்டும் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்ப்பார். எண்ணைச் சொல்வார். அவர் சொன்னதுதான் எண். வேறு யாரும் பார்க்கக் கூடாது. இதுதான் முதல் விதி.

அட, இது என்ன கூத்து! டிக்கெட்டைக் காட்ட வேண்டாம், எடுத்தேன் என்று சொன்னால் போதும் என்று பஸ் ஓட்டின கதையல்லவா இது? அண்ணாச்சி தன் சிரட்டையை ஒவ்வொரு தடவையும் முழுசாகத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கோங்க, ஒம்பது. எனக்கு மடியில கனமில்லை." மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் தங்கள் சிரட்டையைத் தூக்கவில்லை.

அதிலும் அந்த பக்ருதீன்! எல்லோரும் சாகப்போகிற நேரம் பார்த்து அவருக்குப் பத்தொன்பது விழும். பாம்பரசி நெருப்பைத் துப்புகிறாள், பாய் சிரட்டைக்குள் எட்டிப் பார்க்கிறார், "பதினெட்டு" என்கிறார். அதெப்படி? அண்ணாச்சி அவர் கண்ணையே பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் இன்னும் ஊறியது. இரண்டு பகடை வைத்திருக்கிறாரோ? சட்டைக் கையை ஏன் மடித்துவிடுவதில்லை?

சந்தேகம் ஒரு ஆளோடு நிற்கிற சரக்கா? தாவீது இத்தனை வேகமாக வரைகிறானே, எங்கேயாவது பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறானோ என்று நூலகத்தில் போய் இரண்டு நாள் படப் புத்தகங்களைப் புரட்டினார். மந்திரக்காரி வேஷம் போட்ட மருந்துக்கடை கோமதி, பாய்க்கு முறுக்கை முதலில் நீட்டியது ஏன் என்று யோசித்தார். கடைசியில் ஆசான் பேரிலேயே சந்தேகம் வந்தது. பாய் செய்கிற தில்லுமுல்லு கணக்கு டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்?

விளையாட்டைப் புத்தகமாகப் போடுகிற நேரம் வந்தது. விதிகளை எழுதும் வேலையை ஆசான் அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.

"நீங்க எழுதினா ஓட்டை இருக்காது," என்றாள்.

அண்ணாச்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லா விதியையும் எழுதி முடித்தார். முதல் விதியை மட்டும் எழுதவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய வாரம் வந்தும் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சிரட்டையை ஏன் தூக்கக் கூடாது?"

அவள் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தூக்கினா என்ன ஆகும்?"

"கள்ளன் மாட்டுவான்."

"யாரு கள்ளன்?"

"தூக்கினாத்தானே தெரியும்!"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"சரி அண்ணாச்சி. வர்ற ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு தடவை, யாரு சிரட்டையை வேணும்னாலும் நீங்க தூக்கலாம். தூக்கிட்டா, கண்ணுக்குத் தெரியுற எண்ணுதான் கணக்கு. பொய் மாட்டுச்சுன்னா உங்க இஷ்டப்படி முதல் விதியை எழுதுங்க."

"அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லுவீங்களோ?"

"சொல்லணுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்றார் அண்ணாச்சி அவசரமாக. செக்கிங் வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டு எவனாவது பஸ்ஸில் ஏறுவானா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, பழைய சர்வீஸ் நாள் மாதிரி விறைப்பாகப் போய் உட்கார்ந்தார். கோமதி ஒரு தடவை "பதினொண்ணு" என்றாள். தூக்கலாமா என்று கை பரபரத்தது. வேண்டாம், இருப்பது ஒரே தடவை. பெரிய மீனுக்குக் காத்திருப்போம் என்று அடக்கிக்கொண்டார்.

கதை மலையுச்சிக்கு வந்துவிட்டது. பள்ளத்துக்கு மேல் கொடிகளால் பின்னின பாலம். கோமதியின் மந்திரக்காரி கடந்துவிட்டாள். பின்னால் வடிவும் மருதனும். நடுவில் பாலம் அறுந்தது.

"ஒரே ஒரு கொடி மிச்சம்," என்றாள் ஆசான். "ரெண்டு பேரும் அதுல தொங்குதீங்க. கொடி ஒரு ஆளைத்தான் தாங்கும். ரெண்டு பேரும் உருட்டுங்க. சின்ன எண் விழுறவங்க பள்ளத்துல விழுவாங்க."

"விழுந்தா?" என்றார் அண்ணாச்சி.

"விழுந்தா அவ்வளவுதான். இந்த விளையாட்டுல செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க."

அண்ணாச்சி பகடையை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். வெறும் விளையாட்டு என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தார். மனசு கேட்டால்தானே? வாரம் பூராவும் யாரிடமும் சொல்லாத அந்தப் பெயரை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் சத்தமாகச் சொன்னார்கள். "வடிவு எங்கே?" "வடிவு, தோணியைக் கொண்டு வா!" அதைக் கேட்கத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு அதுவும் போய்விட்டால்?

குலுக்கினார். கவிழ்த்தார். வழக்கம்போல் சிரட்டையை முழுசாகத் தூக்கினார்.

ஐந்து.

"அஞ்சு," என்றார்.

பக்ருதீன் குலுக்கினார். மெதுவாகத்தான் கவிழ்த்தார். விளிம்பைத் தூக்கினாரா, தூக்குகிற மாதிரி விரலை வைத்தாரா, அது அவருக்கே வெளிச்சம்.

"நாலு," என்றார்.

கோமதி "ஐயோ மருதா!" என்று கத்தினாள். தாவீதின் பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது. வடிவு பிழைத்துவிட்டாள். அண்ணாச்சிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

அந்த மூச்சோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாய் எச்சிலை முழுங்கினதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். பழைய டிக்கெட்டை நீட்டுகிறவன் அப்படித்தான் முழுங்குவான். பொய்! சந்தேகமே இல்லை, பொய்!

எதற்காகப் பொய்? தோற்பதற்கு ஒருவன் பொய் சொல்வானா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பள்ளத்தில் ஏதோ இருக்கிறது. புதையல் இருக்கும். விழுகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். ஆசான் பாய்க்கு மட்டும் காதில் போட்டிருக்கிறாள். இத்தனை நாளும் இரண்டு பேரும் சேர்ந்துதான்...

கை தானாக நீண்டது. சிரட்டையைத் தூக்கிவிட்டார்.

பதினேழு.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் அண்ணாச்சி. "பாத்தீங்களா எல்லாரும்! பதினேழை நாலுங்காரு! கையும் களவுமா..."

கோமதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பக்ருதீன் தலை குனிந்திருந்தார்.

"எதுக்குவே பாய் பொய் சொன்னீரு? கீழே என்ன இருக்கு?"

"கீழே ஒண்ணும் இல்லை அண்ணாச்சி," என்றாள் ஆசான். "பாறைதான்."

"பின்னே?"

பக்ருதீன் சிரட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"வடிவக்காவுக்குக் கடைசியா ஜாக்கெட் தச்சது நான்தான் அண்ணாச்சி. நீங்க அந்தப் பேரைச் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். மருதன் போனா போறான்னு நெனச்சேன்."

அண்ணாச்சி பகடையைப் பார்த்தார். பதினேழு. தன் பகடையைப் பார்த்தார். ஐந்து. கண்ணுக்குத் தெரிகிற எண்தான் கணக்கு. ஐந்துதான் சின்ன எண். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விழப்போவது வடிவு.

"நாலுதான் அண்ணாச்சி," என்றாள் கோமதி திடீரென்று. "நான் நல்லாப் பாத்தேன். நாலுதான் இருந்துச்சு."

"எனக்கும் நாலு மாதிரிதான் தெரிஞ்சுது," என்றான் தாவீது. அவன் முன்னால் இருந்த படத்தில் மசி காய்ந்துவிட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். கீழே ஒற்றைக்கண் வீரன் கையை விரித்து விழுந்துகொண்டிருந்தான்.

ஆசான் சிரட்டையை எடுத்தாள். பதினேழின் மேல் கவிழ்த்தாள்.

"பாய், என்ன எண்ணு?"

"நாலு," என்றார் பக்ருதீன்.

ஆசான் அண்ணாச்சியைப் பார்த்தாள். "பாய் நாலுங்காரு. சரியா?"

ஒரு தலையசைப்பு போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பாவிமனுஷா, ஆட்டித் தொலையேன் அந்தத் தலையை! ஆட்டவில்லை. அவர் கண் சிரட்டையைத் துளைத்துக்கொண்டு உள்ளே பதினேழைத்தான் பார்த்தது.

"பதினேழு," என்றார்.

கோமதி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

தாவீது புதுக் காகிதத்தை எடுத்தான். இந்தத் தடவை அவன் பேனா உடனே இறங்கவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டான்.

"எப்படி விழுறா அண்ணாச்சி?"

அண்ணாச்சி அந்த வெறும் காகிதத்தைப் பார்த்தார்.

"கத்தலை," என்றார். "அவ கத்த மாட்டா. கண்ணை மூடிக்கிட்டா."

தாவீது வரைந்தான். இதுவரை இத்தனை மெதுவாக அவன் வரைந்து யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்ருதீன் அவர் முதுகில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை அந்த மனுஷனுக்கு.

"பொய்யைப் பிடிச்சிட்டீங்க," என்றாள் ஆசான். "முதல் விதியை உங்க இஷ்டப்படி எழுதிக்கோங்க. நாளைக்கு அச்சகம்."

விளையாட்டில் ஒருவர் செத்தால், அவருடைய பலமும் குணமும் எழுதின காகிதத்தைத் தோணியாக மடித்து ஆற்றில் விடுவார்கள். சாயங்காலம் ஆசானும் அண்ணாச்சியும் கொக்கிரகுளம் படித்துறைக்குப் போனார்கள். தாமிரபரணியில் தண்ணீர் கணிசமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்குக் காகிதத் தோணி செய்யத் தெரியவில்லை. ஆசான் மடித்துக் கொடுத்தாள்.

தோணி கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று. அப்புறம் சாய்ந்தது. நனைந்து உள்ளே இறங்கிவிட்டது.

அண்ணாச்சி கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் எனக்காகத்தான் நாலுன்னு சொன்னாங்க," என்றார்.

"ஆமா."

"நானும் தலையாட்டியிருந்தா அவ இருந்திருப்பா."

"இருந்திருப்பா."

"என்னால முடியலையே ஆசானே. ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன். பாத்த பொறவு எப்படி நம்புறது?"

ஆசான் கையைத் தண்ணீரில் அலசி உதறினாள்.

"பாக்குறதுக்கு முன்னாடி நம்பினீங்களா அண்ணாச்சி?"